உதவி வைத்தியர்: சட்டம் முந்துக

பட்டம் பெற்ற டாக்டர்கள் செல்லத் தயங்கிய கிராமங்களில் நம் கமக்காரரின் பிணி தீர்த்தவர் யாவர்? முன்பு ‘அப்போதிக்கரி’ எனவும், பின்னர் உதவி வைத்தியர், பதிவு பெற்ற வைத்தியர் எனவும் அழைக்கப்பட்டவர்களே. போர்க்காலத்து வன்னியிலும் அவர்தம் பணி தொடர்ந்தது. அத்தகையோரைப் புதிதாகப் பயிற்றுவதை அரசு நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன.

அமெரிக்காவிலோ, 1965இல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட், முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர் நால்வரைக் கொண்டு இரண்டாண்டுப் பயிற்சியைத் தொடங்கினார். இன்று அது அங்கே உரிமம் பெற்றுச் செய்யும் தொழிலாகும்.

பிரித்தானியா அவ்வழியைப் பின்பற்றியது, சட்டத்தையோ பிந்தவிட்டது. தம்மைப் பார்ப்பவர் டாக்டரா, உதவியாளரா என அறியாது நோயாளர் மயங்கினர். 2024 டிசெம்பரிலேயே சட்டப்படியான பதிவு தொடங்கிற்று. 2025இல் வெளிவந்த பேராசிரியர் ஜிலியன் லெங்கின் அறிக்கை, மயக்கந்தரும் பெயரை மாற்றுமாறும், நோய் இன்னதென்று துணியப்படாதவரை அவர்கள் பார்ப்பதற்கு எல்லை வகுக்குமாறும் பரிந்துரைத்தது.

‘ஏழைக்கு அரை வைத்தியனா?’ என வினவுவோர் உளர். நியாயமான வினாவே. ஆயின், வைத்தியரே இல்லாத வைத்தியசாலை அதற்கு விடையாகுமா?

நாம் கேட்பது இதுவே: அப்பயிற்சியை மீண்டும் தொடங்குக. தொடங்குமுன், பெயர் யாது, பயிற்சி எத்தனை ஆண்டு, செய்யத்தகாதவை எவை, மேற்பார்வைப் பொறுப்பேற்கும் டாக்டர் யார் என்பவற்றைச் சட்டத்தில் எழுதுக. அச்சட்டம் நோயாளிக்குக் காப்பு. உதவி வைத்தியருக்கும் அதுவே கௌரவம்.