அமைதிக்கும் ஓர் அளவு உண்டு

அண்மையில் மூன்று நாள்கள் கோத்தகிரியில் தங்கியிருந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் மலையேறினேன். சோலைக் காடு, தேயிலைச் சரிவு, காலைப் பனி எனக் கண்ணுக்குக் குறைவில்லை. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1819-இல் வீடமைத்தது இவ்வூரை அடுத்த கன்னேரிமுக்கில்தான். பின்னர் உதகை சந்தடியைப் பெற்றது. கோத்தகிரிக்கு அமைதி எஞ்சியது.

அந்த அமைதியைத் தேடியே நானும் சென்றேன். ஆனால், இரண்டாம் நாள் காலையில் கண்ட காட்சி மனதை உறுத்தியது. நான் தங்கிய விடுதிக்கு லாரியில் தண்ணீர் வந்து இறங்கியது. அதே தெருவில் பெண்கள் குழாயடியில் குடங்களுடன் காத்திருந்தனர். நான் கொடுத்த வாடகையில் அவர்களது காத்திருப்பின் விலை சேர்க்கப்படவில்லை. பொருளியல் இதைப் புறவிளைவு என்கிறது.

நெரிசலைக் குறைக்க 2024 மே மாதம் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில், நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என சென்னை உயர்நீதிமன்றம் வரம்பு விதித்தது. வரவேற்கத்தக்கதே. எனினும், அது மாவட்டம் முழுமைக்குமான கணக்கு. உதகையில் இடமின்றித் திரும்பும் கூட்டம் சிற்றூர்களை நிறைத்தால் அந்தக் கணக்கில் தெரியாது.

பூடானைப்போல ஓர் இரவுக்கு இவ்வளவு எனக் கட்டணம் விதிக்கலாமே என்பர் சிலர். அப்போது மலை வசதி படைத்தோரின் தோட்டமாகிவிடும். பசுந்தேயிலை விலை வீழும் காலங்களில் சுற்றுலாவே பல குடும்பங்களைக் காக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் கண்காணிக்கும்போது அது நிலைக்கிறது என்று காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரோம். 2009-இல் நோபல் பரிசு பெற்றவர். அமைதியும் ஒரு பொதுவளமே. எனவே, ஒவ்வொரு மலையூரிலும் கோடையில் கிடைக்கும் நீர் எவ்வளவு, அகற்ற முடிந்த குப்பை எவ்வளவு என்று கணக்கிட்டு, அதற்கேற்ப விடுதி அறைகளின் எண்ணிக்கையை உள்ளாட்சி அமைப்பு வரையறுக்க வேண்டும். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

குழாயடியில் நிற்பவருக்குத் தண்ணீர் கிடைத்த பிறகே விருந்தினருக்கு அறை. அதனால் எனக்கு அடுத்த முறை இடமில்லை என்றால், காத்திருக்கிறேன்.