ஐந்து ஏக்கரும் ஒரு சென்டும்

கந்தர்வக்கோட்டைச் செம்மண்ணிலே அடுத்தடுத்து இரு முந்திரிக்கொல்லைகள் என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஒரு வரப்பு. இப்பக்கத்து உழவனுக்கு ஐந்து ஏக்கர். அப்பக்கத்தானுக்கு ஐந்து ஏக்கர் ஒரு சென்ட். வானம் பொய்த்தால் இருவர் வயிறும் காயும். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் பட்டாவைப் படித்துப் பார்த்தா மரங்களைச் சாய்த்தது?

ஆனால் 2016-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தபோது, கோடு ஐந்து ஏக்கரில் விழுந்தது. முன்னவன் கடன் தீர்ந்தது. பின்னவனுக்கு ஒரு காசு குறையவில்லை. ஒரு சென்ட், 435 சதுர அடி, அவனைப் பெருவிவசாயி வரிசையில் நிறுத்திவிட்டது. என்னே கணக்கு!

வழக்கும் நடந்தது. அனைவருக்கும் தள்ளுபடி என்றது மதுரைக் கிளை, 2017-ல். கோடு செல்லும் என்றது உச்சநீதிமன்றம், 2021 நவம்பரில். ஏற்போம். கோடு போட அரசுக்கு உரிமை உண்டு என்றார்கள். கோடு ஒன்றே வழி என்றார்களா?

வேறு வழியை 1965-லேயே காட்டினார் பாகூவில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் ஆசிரியராயிருந்த லோட்ஃபி ஸாதே. ஏழை, சிறியவன் போன்ற சொற்களுக்கு வேலி இல்லை. பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே மதிப்பிடலாம் என்றார். 'ஃபஸி' என்று பெயர் வைத்தார். 1970-ல் ரிச்சர்ட் பெல்மனோடு சேர்ந்து அதை முடிவெடுக்கும் முறையாக்கினார்: நோக்கத்துக்கு ஒரு மதிப்பு, கட்டுப்பாட்டுக்கு ஒரு மதிப்பு, இரண்டில் குறைந்ததே முடிவின் தகுதி.

நம் கொல்லைக்கு வருவோம். ஐந்து ஏக்கர் வரை மதிப்பு 1, பத்து ஏக்கரில் 0, இடையே சரிவு. ஒரு சென்ட் கூடியவனுக்கு 0.998. ஏழரை ஏக்கர்க்காரனுக்கு 0.5, அவன் கடன்சுமையின் மதிப்பு 0.8 என்றால், குறைந்தது 0.5, பாதிக் கடன் தள்ளுபடி. கருவூலம் தாங்காது என்பீர்களா? சரிவைச் செங்குத்தாக்குங்கள், யார் தடுத்தார்?

மங்கல் என்றால் குழப்பம் என்று கேலி பேசுவோர், ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் 1987-ல் இம்முறையால் ஓடத் தொடங்கியதை அறியட்டும்.

எனக்கு அச்சம் வேறிடத்தில். சரிவை வரையும் கை யாருடையது? கடன் கேட்டு வருவோனுக்கு 300 முதல் 900 வரை மதிப்பெண் போடுகிறார்களே, அது எப்படி விளைந்தது என்று முந்திரிக்கொல்லைக்காரனுக்கு எவர் விளக்குகிறார்? வெளிச்சத்தில் கிழித்த கோட்டையாவது எதிர்த்து வழக்காடலாம். இருட்டறையில் வரைந்த சரிவை எதிர்த்து எங்கே போவான்?

ஆகவே, அடுத்த தள்ளுபடி அறிவிப்போடு, சரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கூட்டுறவுச் சங்க வாசற்பலகையில் எண்ணால் எழுதட்டும். தன் மதிப்பைக் கந்தர்வக்கோட்டைக்காரன் தானே கணக்கிட்டுக்கொள்வான்.