பளபளக்கும் சக்கரம் பாரம் தாங்குமா?

புதுக் கார் வாங்கியதும் வாலிபர்கள் முதலில் எதை மாற்றுகிறார்கள்? சக்கரத்தை!

திண்டுக்கல்லில் ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் போலச் சக்கரம் மாட்டிய கார்கள் அபூர்வம் அல்ல. பழனி ரோட்டில் சிறிது நேரம் நின்று பாருங்கள். நட்சத்திரம் போலவும், சிலந்தி வலை போலவும் சக்கரங்கள் சுழலும். இவற்றை "அலாய் வீல்" என்கிறார்கள். அலுமினியத்தோடு வேறு பொருள்கள் கலந்து செய்த சக்கரம் என்று பொருள்.

ஆசைப்படுவதில் தவறு இல்லை. ஆனால் அசல் சக்கரத்தின் விலை அதிகம். பார்ப்பதற்கு அதே போன்ற நகல், மலிவாகக் கிடைக்கிறது. எதை வாங்குவது?

என் கருத்து இதுதான்: செய்தவர் பெயர் இல்லாத நகலை மாட்டுவதைவிட, காரோடு வந்த இரும்புச் சக்கரத்திலேயே ஓட்டுவது எவ்வளவோ மேல்!

காலில் கட்டிய பாரம்

எடை குறைந்த சக்கரத்தால் என்ன லாபம்? இடுப்பில் ஒரு கிலோ கல்லைக் கட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள். பிறகு அதே கல்லைக் காலில் கட்டிக்கொண்டு ஓடிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும்! காருக்குச் சக்கரம்தான் கால். அது லேசாக இருந்தால் வண்டி சீக்கிரம் வேகம் எடுக்கும். சீக்கிரம் நிற்கும். மேடுபள்ளத்தில் டயர் சாலையை விட்டுத் துள்ளாது.

பந்தயக்காரர்கள் இதை 100 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1924-ம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லியோன் நகருக்கு அருகே நடந்த பந்தயத்துக்கு, புகாட்டி கம்பெனி அலுமினியச் சக்கரம் பூட்டிய கார்களைக் கொண்டுவந்தது. அழகுக்காக அல்ல, எடையைக் குறைக்கவும், பிரேக் சூடு தணியவும்தான்!

லேசா, கனமா?

ஒரே அளவுள்ள துண்டுகளை எடுத்துக்கொண்டால், அலுமினியத்தின் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அலுமினியத்துக்கு இரும்பின் பலம் கிடையாது. ஆகவே தடிமனாக வார்க்க வேண்டும். நல்ல கம்பெனிகள் எங்கே தடிமன் வேண்டும், எங்கே வேண்டாம் என்று கணக்குப் போட்டு, சோதித்துப் பார்த்துச் செய்கின்றன. அதற்குத்தான் கூடுதல் விலை.

மலிவு நகலில் அந்தக் கணக்கு இருக்காது. எல்லா இடத்திலும் தடிமனாக வார்த்துவிடுவார்கள். அதனால் சில நகல்கள் இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருக்கின்றன! காசைக் கொடுத்துப் பாரத்தை வாங்குவதா?

பூட்டு சொல்லும் பாடம்

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நம் ஊர்ப் பூட்டுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஏன் அந்தக் குறியீடு தேவைப்பட்டது? "திண்டுக்கல் பூட்டு" என்ற பெயரில் வேறு பூட்டுகள் விலைபோனதும் ஒரு காரணம்.

இரண்டு பூட்டையும் மேஜை மீது வைத்தால் முகம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் நெம்புகள் வேறு. பூட்டு நல்லதா, கெட்டதா என்பது திருடன் வந்த இரவில்தான் தெரியும். சக்கரம் நல்லதா, கெட்டதா என்பது பள்ளத்தில் விழுந்த நொடியில்தான் தெரியும்!

பள்ளத்தில் மோதினால் இரும்புச் சக்கரம் பெரும்பாலும் நெளியும். தட்டிச் சரிசெய்யலாம். சரியாக வார்க்காத அலுமினியச் சக்கரத்துக்குள் காற்றுக் குமிழிகள் இருக்கும். அது நெளியாது, விரியும். விரிந்தால் காற்று ஒரேயடியாக இறங்கிவிடும்.

கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கிறோம். வண்டியின் பாரம் முன்சக்கரங்கள் மீது சாய்கிறது. பின்னால் மனைவியும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே சக்கரம் விரிந்தால்?

நகல் எல்லாம் மோசமா?

அப்படியும் சொல்லக் கூடாது. 1960-களில் "மினிலைட்" என்ற மக்னீசியச் சக்கரம் இங்கிலாந்தில் பிரபலமாக இருந்தது. மக்னீசியம், அலுமினியத்தைவிட லேசானது. ஆனால் ஈரம் பட்டால் அரிக்கும். அந்தக் காலத்து அசல் ஒன்று இன்று கிடைத்தாலும், விரிசல் சோதனை செய்யாமல் மாட்டக் கூடாது. அதே வடிவத்தில் அலுமினியத்தில் ஒழுங்காகச் செய்து, சோதித்து, பெயர் பொறித்து விற்கும் நகலே சாலைக்கு நல்லது.

ஆகவே அசலா, நகலா என்பதல்ல முக்கியம். "இது உடைந்தால் பொறுப்பேற்க ஆள் உண்டா?" என்பதே கேள்வி.

வாங்கும் முன் பாருங்கள்

• சக்கரத்தைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். செய்த கம்பெனியின் பெயர், அளவு, தாங்கும் பாரம் ஆகியவை பொறித்திருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

• காரின் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் பாரத்தைக் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேளுங்கள். பெரிய எண்ணைப் பாதியாக்குங்கள். உதாரணமாக 800 கிலோ என்றால், சக்கரம் 400 கிலோவாவது தாங்க வேண்டும்.

• தராசில் வைத்துப் பாருங்கள்! திண்டுக்கல்லில் தராசுக்கா பஞ்சம்? பழைய சக்கரத்தையும் நிறுத்து ஒப்பிடுங்கள்.

• நட்டுத் துளைகள் சரியாகப் பொருந்த வேண்டும். துளையை நோண்டிப் பெரிதாக்கி மாட்டித் தருவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

• மாட்டிய பின் சுமார் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள்.

• பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இத்தனைக்கும் பணம் போதவில்லையா? வெட்கப்பட வேண்டாம். சென்னை பாடியில் 1960-களிலிருந்தே நம்மவர்கள் இரும்புச் சக்கரம் செய்து வருகிறார்கள். நாட்டின் லாரிகளும் டிராக்டர்களும் இரும்புச் சக்கரத்தில்தான் பாரம் இழுக்கின்றன. அதற்குக் கறுப்பு வர்ணம் பூசி, நல்ல டயர் போடுங்கள். மிச்சப் பணத்தில் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குங்கள்.

சக்கரத்தைப் பார்ப்பவர்கள் ஊரார். சக்கரத்தை நம்பி உட்காருபவர்கள் உங்கள் வீட்டார்!