விரலும் விசையும்

சென்ற திங்கள் தேவராஜ மொஹல்லாவில் நம் அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய அன்னையார் எண்பது வயதைக் கடந்தவர். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து மணமாகி மைசூருக்கு வந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய பழைய பொத்தான் கைபேசி பழுதாகிவிட்டதென்று, பேரன் ஆசையோடு தொடுதிரைக் கைபேசி ஒன்றை வாங்கித் தந்திருந்தான். நாம் அமர்ந்திருக்கையிலேயே அது ஒலித்தது. அம்மையார் பச்சை வட்டத்தைத் தொட்டார், பயனில்லை. அழுத்தித் தொட்டார், அப்போதும் பயனில்லை. "தொடக்கூடாது பாட்டி, மேலே தள்ளணும்!" என்று பேரன் அடுத்த அறையிலிருந்து கூவிக்கொண்டு வருவதற்குள் மணி அடங்கிவிட்டது. அழைத்தவர் ஊரிலிருக்கும் தங்கை. "அவளுக்கு உடம்பு சரியில்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்" என்றபோது அம்மையாரின் குரல் கம்மியது.

ஊரை விட்டு வந்த நம் போன்றோர் வீடுகளில் கைபேசி வெறும் விளையாட்டுப் பொருளன்று. பிறப்பும் இறப்பும் அதன் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. ஆதலின், பொத்தான்களை அறவே நீக்கிவிட்டு எல்லாவற்றையும் கண்ணாடியிலேயே வைத்துவிடலாமா என்னும் கேள்வியைப் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிட நமக்கு மனமில்லை.

கண்ணாடி ஏன் சிலருக்கு மட்டும் இணங்குகிறது? இன்றைய தொடுதிரையின் கீழே கண்ணுக்குப் புலப்படாத மின்கடத்திக் கோடுகள் பின்னப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒரு சிறு மின்புலம் எப்போதும் நிலவுகிறது. விரல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுள்ளதாகையால், அது நெருங்கியதும் அம்மின்புலம் சிறிது மாறுகிறது. மாறிய இடத்தைக் கருவி கணக்கிட்டுக் கொள்கிறது. அழுத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. முதுமையால் உலர்ந்த விரலையும், உழைப்பால் காய்த்துப்போன விரலையும் அது சில வேளைகளில் உணர்வதில்லை. நீர்த்துளி விழுந்தாலோ அதையே விரலென்று மயங்குகிறது. தேவராஜ மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்கள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துத் துடைத்து இக்கண்ணாடியோடு போராடுவதை நம்மில் பார்க்காதவர் யார்? இட்லி மாவு கையோடு அழைப்பை ஏற்க முயன்ற தாய்மார்களுக்கும் இதை விளக்க வேண்டுவதில்லை.

பொத்தானின் சிறப்பு அதற்கு மேடும் பள்ளமும் உண்டு என்பதே. அழுத்தினால் அழுங்கும், அழுங்கியதை விரல் அறியும், கண்ணின் துணை வேண்டுவதில்லை. 2003-இல் வெளிவந்த நோக்கியா 1100 கைபேசியை நினைவு கூருங்கள். தூசி புகாத விசைப்பலகையும் ஒரு கைவிளக்கும் கொண்ட அந்த எளிய கருவி உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. நம் பாட்டிமார் பலர் இருட்டில் தடவியே அதில் எண்களை அழுத்தினார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல முடியவில்லை. எழுத்தாளர் சுஜாதாவைக் கதைகளால் அறிந்தவர்கள் நம் வீடுகளில் ஏராளம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன் என்னும் அதே சுஜாதா, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியை மேற்பார்வையிட்டவர். 1982-இல் கேரளத்துப் பரவூரில் அவ்வியந்திரம் முதன்முதல் பயன்படுத்தப்பட்டது. இன்றும் அதில் வேட்பாளர் பெயருக்கும் சின்னத்துக்கும் நேரே ஒரு நீலப் பொத்தான்தான். அழுத்தினால் விளக்கு எரிகிறது, ஒலி எழுகிறது. பார்வையற்றோர் தடவி அறியப் பிரெய்ல் எண்களும் உண்டு. எழுத்தறியாதவரும், கண் மங்கியவரும், கை நடுங்குபவரும் ஐயமின்றி இயக்கவேண்டிய கருவிக்குப் பொத்தானே ஏற்றதென்று அதை அமைத்தோர் கண்டிருக்கிறார்கள். (வாக்களித்த விரலில் இடும் அழியாத மை நம் மைசூரில் செய்யப்படுவது என்பதையும் இடையே பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம்.)

கடலிலும் இப்பாடம் கற்கப்பட்டது; விலைதான் கொடிது. 2017 ஆகஸ்டு 21-ஆம் நாள் சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் உயிரிழந்தனர். தொடுதிரையில் அமைந்த சுக்கான், வேகக் கட்டுப்பாடுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுகையில் நேர்ந்த குழப்பம் காரணங்களுள் ஒன்றென விசாரணையில் தெரிந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பற்றித் தள்ளும் நெம்புகோல்களுக்கே திரும்புவதென அந்நாட்டுக் கடற்படை 2019-இல் முடிவு செய்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு மதிப்பெண் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும், 2026-ஆம் ஆண்டுக்கான விதிகளில், ஹாரன், வைப்பர், திரும்பும் விளக்கு முதலியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ வேண்டும் என்கிறது.

இவ்வளவும் எழுதியபின், நம்மைப் பழமைவாதியென்று இளைஞர்கள் முத்திரை குத்திவிடக்கூடும். அவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். தமிழுக்கு இக்கண்ணாடி செய்திருக்கும் உபகாரத்தை நாம் மறந்துவிடவில்லை.

விசைப்பலகையில் தமிழை அடக்குவது எளிய செயலாக இருக்கவில்லை. 247 எழுத்துக்களையும் ஒரு பொறியில் வைக்க இயலாமல், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா எவ்வளவோ சிந்தித்துத் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி கண்டார். நம்மைப் போல் அவரும் ஊரை விட்டு வந்தவர். தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது 1999-இல். கைபேசியின் பன்னிரண்டு பொத்தான்களுக்குள் தமிழைக் கொண்டுவர மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினத்தை உருவாக்கினார். அது 2005-இல் சிங்கப்பூரில் வெளியாயிற்று. ஓர் எழுத்துக்கு ஒரே பொத்தானைப் பலமுறை தட்டவேண்டியிருந்த காலம் அது. நம்மவர் பலர் அப்போது ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதிப் பழகி, அப்பழக்கத்தை இன்றும் விடவில்லை!

தொடுதிரையில் அந்த நெருக்கடி இல்லை. வேண்டும்போது தமிழ் விசைகள், வேண்டும்போது கன்னட விசைகள். அதனினும் சிறந்தது, விரலாலேயே எழுதும் வசதி. மணலில் எழுதுவதுபோல் எழுதினால் கருவி அதை அச்செழுத்தாக்குகிறது. பள்ளியில் கன்னடம் கற்று, வீட்டில் தமிழைப் பேச மட்டுமே அறிந்த நம் குழந்தைகளுக்கு இது கிடைத்தற்கரிய கரும்பலகை. பார்வையற்றோருக்கும், தொட்ட இடத்தை வாய்விட்டுச் சொல்லும் மென்பொருள் 2009 முதல் தொடுதிரைகளில் வந்துவிட்டது. பழகியவர்கள் நம்மைவிட விரைவாக இயக்குகிறார்கள் என்று கேள்வி.

ஆகவே நம் கருத்து இதுதான்: எழுதவும் படிக்கவும் பேரக் குழந்தையின் முகம் காணவும் கண்ணாடி இருக்கட்டும். அழைப்பை ஏற்கவும், ஒலியைக் கூட்டிக் குறைக்கவும், ஆபத்தில் உதவி கேட்கவும் கைக்குத் தட்டுப்படும் பொத்தான் இருந்தே ஆகவேண்டும். அரசும் இதில் ஒரு பகுதியை ஏற்றிருக்கிறது. 2017 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் கைபேசிகளில் அவசரப் பொத்தான் வசதி இருக்கவேண்டும் என்பது விதி. பொத்தான் கைபேசியில் 5 அல்லது 9 என்னும் எண்ணை நெடுநேரம் அழுத்தவேண்டும்; தொடுதிரைக் கைபேசியில் பக்கவாட்டிலுள்ள பவர் பொத்தானை விரைந்து மும்முறை அழுத்தவேண்டும். சில கருவிகளில் இவ்வசதியை அமைப்புகளுக்குள் சென்று இயக்கி வைக்க வேண்டியிருக்கும். அன்பர்கள் இன்றே தம் வீட்டுப் பெரியோர்களின் கைபேசியை எடுத்துப் பார்த்து, எது தம் கருவிக்குரியதோ அதை அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லிப் பழக்கவேண்டும். வங்கிப் பணம் அனுப்பவும் பொத்தான் கைபேசிக்கென யூபிஐ 123பே என்னும் முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கியிருக்கிறது. தொடுதிரை இல்லையே என்று எவரும் நாண வேண்டியதில்லை.

அந்த அம்மையாரைச் சென்ற ஞாயிறன்று மீண்டும் கண்டோம். பழைய கைபேசியை மார்க்கெட்டுக்கருகே ஒரு கடையில் கொடுத்துப் பழுது நீக்கியிருக்கிறார்கள். அது அவர் இடுப்பில். புதியதோ பேரனின் மடியில். நாம் போனபோது அவர் அதை வாங்கித் தங்கைக்கு ஒரு விரலால் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். "சௌக்கியமா" என்று எழுதியதைக் கருவி சரியாகவே படித்துவிட்டதாம். "என் கையெழுத்தை இவன்கூடப் படிக்கமாட்டான்" என்று பேரனைக் காட்டிச் சிரித்தார்.