யார் காலுக்குப் பூட்டு?

நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 5.8 விநாடி! பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் எக்ஸ்-7 பெட்ரோல் வண்டிக்குச் சொல்லப்படும் பெருமை இது. 2023 ஜனவரியில் இதன் புது மாடல் இங்கே விற்பனைக்கு வந்தபோது ஷோரூம் விலை 1 கோடியே 22 லட்சம் ரூபாய். மெர்சிடிஸ், ஆடி, ரேஞ்ச் ரோவர் என்று இதே ஜாதிப் பெரிய சொகுசு வண்டிகள் இன்னும் பல உண்டு. இவற்றை ஓட்டுவதில் உள்ள சுகத்தைப் பற்றி முதலாளிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஆலைத் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் படிக்கும் நமது பத்திரிகைக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். அந்த வண்டிக்குள் நாம் ஏறப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ரோட்டைக் கடக்கிறவர்கள் நாம்தானே!

இயந்திரத்தின் மேல் நமக்குப் பகை கிடையாது. இந்த வண்டியைப் பூட்டிச் சேர்ப்பதே நம் செங்கல்பட்டு ஜில்லாத் தொழிலாளிகள்தான். 2007 முதல் மகிந்திரா சிட்டியில் அந்தத் தொழிற்சாலை நடக்கிறது. வண்டியின் எடை சுமார் இரண்டரை டன். எஞ்சின் 380 குதிரைசக்தி. வயலில் தண்ணீர் இறைக்கும் பம்பு செட் 5 குதிரைசக்தி என்று வைத்துக்கொண்டால், 76 பம்பு செட்டுகளின் சக்தியை ஒரே மூடிக்கு அடியில் அடைத்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் அத்தனை சக்தியும் இழுத்துப் போவது ஓர் ஆளையும் அவருடைய கைப்பையையும்தான்.

எஞ்சின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். அது காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், இழுப்பும் கூடும். இதற்கு டர்போ என்று பெயர். புகை வேகம் பிடிக்கும்வரை சற்று மந்தம் தட்டும். அந்த ஒரு கணத் தயக்கத்தையும் போக்க 48 வோல்ட்டில் ஓடும் மின்மோட்டார் கைகொடுக்கிறது. எட்டு கியர்களும் தாமாகவே மாறுகின்றன. கால் பட்டதும் முதுகு சீட்டில் அழுந்துகிறது. நல்ல வேலைப்பாடுதான், யார் இல்லை என்றார்கள்?

விஷயம் அதற்கு அப்பால் இருக்கிறது. பெரிய இடத்து வண்டி ஓட்டும் டிரைவர் தோழர் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "அண்ணே, இதுல எண்பதுல போனா நாப்பதுல போற மாதிரிதான் இருக்கும். மீட்டரைப் பாத்தாத்தான் தெரியும்." அவர் சொன்னது சரி. கனத்த கண்ணாடி வெளிச்சத்தத்தைத் தடுத்துவிடுகிறது. காற்று நிரம்பிய ஸ்பிரிங் பள்ளத்தை விழுங்கிவிடுகிறது. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் ரோடு மெதுவாக ஓடுவதாகவே கண்ணுக்குப் படுகிறது. பஸ்ஸின் முன் சீட்டிலும் ஆட்டோவிலும் ஒரே வேகத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். நமது மீன்பாடி வண்டிக்காரர் இருபதில் போனாலும் ஒவ்வொரு பள்ளமும் அவர் எலும்பில் கணக்கு எழுதும். பணக்காரர் கோடி ரூபாய் கொடுத்து வாங்குவது வேகத்தை மட்டுமல்ல, அந்த வேகம் தமக்குத் தெரியாமல் இருக்கும் வசதியையும் சேர்த்துத்தான்.

உள்ளே தெரியாத வேகம் வெளியே குறைந்துவிடுமா? வேகம் இரண்டு பங்கானால் மோதும் சக்தி நான்கு பங்காகும். அது பௌதிக விதி. எந்த முதலாளிக்கும் சலுகை காட்டாது. முகப்பின் உயரமும் சும்மா இல்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் ஆராய்ச்சி நிலையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு, 30 அங்குலமும் அதற்குக் குறைவாகவும் உள்ள வண்டியைவிட சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. தாழ்ந்த கார் காலில் அடிக்கும். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் அடிக்கும். குழந்தையாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இப்போது மூலக்கொத்தளத்தில் வந்து நின்று பாருங்கள். ஒரு பக்கம் பேசின் பாலம், இன்னொரு பக்கம் மயானம், நடுவே வாரியக் குடியிருப்புகள். மூட்டை ஏற்றிய மூன்று சக்கர வண்டி, துறைமுகம் போகும் லாரி, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தாரை தப்பட்டையோடு வரும் இறுதி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் ஒரே ரோடுதான். இங்கே 5.8 விநாடிக்கு வேலை என்ன? 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீசார் அறிவித்த எல்லையின்படி கார்களுக்கு 60, லாரி பஸ்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லோருக்கும் 30. சட்டப்படி போக முடியாத வேகத்துக்காகத்தான் இத்தனை குதிரைசக்தி!

எல்லை எல்லோருக்கும் உண்டே என்பார்கள். உண்டு, காகிதத்தில். 2015-ல் மத்திய மோட்டார் வாகன விதி 118-ஐத் திருத்தி, லாரி, பஸ் முதலிய வாடகை வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்ட வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டது. எண்பதுக்கு மேல் அவை ஓடக்கூடாது. மணலியிலிருந்து எண்ணெய் ஏற்றி வரும் டேங்கருக்கும், டிப்பருக்கும், பள்ளிப் பிள்ளைகள் ஏறும் பஸ்ஸுக்கும் அறுபதுதான். நல்ல சட்டம். அதை எடுத்துவிடச் சொல்லி நாம் கேட்கவில்லை. லாரி மோதிச் சாகிறவர்களும் நம் ஜனங்களே. ஆனால் சொந்தக் காருக்கு என்ன ஏற்பாடு? 2019 ஜூலைக்குப் பின் வந்த புதுக் கார்களில் எண்பதைத் தாண்டினால் ஒரு மணி ஒலிக்கும், 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். அவ்வளவுதான். கூலிக்கு ஓட்டுகிறவன் காலுக்குப் பூட்டு, சொந்தக்காரர் காதுக்கு மணி! ஐரோப்பாவின் முதலாளித்துவ சர்க்கார்களே 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும், அந்தந்த ரோட்டின் எல்லையைக் கண்டறிந்து ஓட்டுகிறவரை எச்சரித்துத் தடுக்கப் பார்க்கும் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஓட்டுகிறவர் அதை மீற முடியும் என்ற ஓட்டை அதில் இருக்கிறது. இங்கே அந்த ஓட்டைச் சட்டம்கூட இல்லை.

2022-ல் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்பது சர்க்கார் கணக்கு. அதில் இரு சக்கர வண்டியில் போனவர்கள் 44 சதவீதத்துக்கு மேல். நடந்து போனவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. 2024 ஜூலை 7 அதிகாலை மும்பை வொர்லியில், மீன் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த மீனவத் தம்பதி மேல் ஒரு சொகுசுக் கார் மோதியது. கணவர் தப்பினார், மனைவியை அந்தக் கார் இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்கு முந்தைய மாதம் இதே சென்னையில், பெசன்ட் நகரில், நடைபாதையில் படுத்திருந்த பெயின்டர் தொழிலாளி மேல் ஒரு சொகுசுக் கார் ஏறியது. காசிமேட்டில் விடியுமுன் மீன் எடுத்துக் கூடை சுமக்கும் நம் பெண்களுக்கு இந்தச் செய்திகளின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட வண்டிக்கு டில்லி சர்க்கார் செய்தது என்ன? வரியைக் குறைத்தது! பெரிய வண்டிகள் மேல் ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். சோப்புக்கும் தலை எண்ணெய்க்கும்கூடக் குறைத்தோமே என்கிறார்கள். குறைத்தார்கள், சோப்புக் கட்டிக்குச் சில ரூபாய். வரிக்கு முன் 80 லட்சம் விலையுள்ள வண்டிக்கு 8 லட்சம் ரூபாய்! 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாய். அந்த 8 லட்சம் 2,380 நாள் கூலி. வருஷம் முழுதாக நூறு நாளும் வேலை கொடுத்தாலும் கிட்டத்தட்ட 24 வருஷம் மண் சுமக்க வேண்டும். போதாதென்று, வண்டியைக் கம்பெனி பேரில் வாங்கினால் வருஷம் 15 சதவீதம் தேய்மானம் என்று வருமான வரிக் கணக்கிலும் கழித்துக்கொள்ளலாம். தொழிலாளியின் பஸ் சார்ஜை எந்தக் கணக்கில் கழிப்பது?

மூலக்கொத்தளத்தை ஒட்டி ஓடும் வால்டாக்ஸ் ரோட்டின் பெயரே ஒரு வரிக் கதை. கும்பெனிக்காரன் பட்டணத்துக்கு மதில் கட்டிவிட்டு, செலவை உள்ளே குடியிருந்த ஜனங்கள் தலையில் சுமத்தப் பார்த்தான். வசூல் நடக்கவில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இன்றைய வசூல் நன்றாகவே நடக்கிறது.

வேகம் வேண்டாம் என்கிறவர்களல்ல நாம். ஷிப்டு முடிந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவனுக்குத்தான் வேகம் வேண்டும். எண்ணூர் அசோக் லேலண்டில் நம் தொழிலாளிகள் பஸ்ஸுக்குச் சேசிஸ் செய்கிறார்கள். அதே எண்ணூர் ஹைரோட்டில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். 10 சதவீத வரியைத் திரும்பப் போட்டு அந்தப் பணத்தை மாநகர பஸ்களுக்குக் கொடுக்கட்டும். விதி 118-ஐத் திருத்தி, லாரிக்குள்ள பூட்டை இரண்டரை டன் சொகுசு வண்டிக்கும் போடட்டும். இவை டில்லி செய்ய வேண்டியவை. மூலக்கொத்தளம் முதல் திருவொற்றியூர் வரை பள்ளிக்கூடம், மார்க்கெட், குடியிருப்பு வாசல்களில் 30 கிலோமீட்டர் எல்லையை நிஜமாக அமல்படுத்துவது மாநகரப் போலீசின் வேலை. எந்தெந்த இடத்தில் கடப்பது ஆபத்து என்பது நமது கிளைத் தோழர்களுக்குத் தெரியும். இடம் இடமாக எழுதி, அந்தத் தெரு ஜனங்களின் கையெழுத்தோடு போலீஸ் கமிஷனரிடம் கொடுப்பதை இந்த மாதமே தொடங்கலாம்.