அடுப்பின் சுடர் மஞ்சளானால்

பாத்திரத்தின் அடி கரிபிடிக்கிறது, சோறு வேகத் தாமதமாகிறது, சிலிண்டர் வழக்கத்திற்கு முன்பே தீர்ந்துவிடுகிறது என்று இல்லத்தரசியர் பலர் முறையிடுவதுண்டு. பழி பெரும்பாலும் சிலிண்டர் மீதே விழுகிறது. சுடரை ஒருமுறை உற்று நோக்கினால் வழக்கில் பாதி தீர்ந்துபோகும்.

சிலிண்டரினுள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அதிலிருந்து எழும் வாயுவின் அழுத்தத்தை ரெகுலேட்டர் தணித்து அனுப்புகிறது. ஊசித்துளை போன்ற ஜெட்டின் வழியே விரைந்து பாயும் அவ்வாயு, பக்கத்துக் காற்றையும் தன்னுடன் இழுத்துக்கொண்டு, பர்னரின் துளைகளில் வந்து எரிகிறது. காற்று போதுமாயின் சுடர் நீலம்; குறைந்தால் மஞ்சள். எரியாமல் மிஞ்சிய கரியே பாத்திரத்தின் அடியில் படிகிறது.

எனவே முதலில் காண வேண்டியது, குறை ஒரு பர்னரிலா, இரண்டிலுமா என்பதே. இரண்டும் ஒருங்கே குன்றினால் ரெகுலேட்டரையோ, மடங்கிய ரப்பர் குழாயையோ, தீரும் நிலையிலுள்ள சிலிண்டரையோ ஐயுறலாம். ஒன்று மட்டும் குன்றினால் அதன் ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கும். ஒன்று மட்டும் மஞ்சளாக எரிந்தால் காற்று நுழையும் குழாயில் தூசியோ சிலந்திக்கூடோ இருக்கக்கூடும். காகித வேலை வீட்டிலேயே நடைபெறும் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் இதைச் சற்று அடிக்கடி கவனிப்பது நன்று. பொங்கி வழிந்த கஞ்சியும் பர்னரின் துளைகளை அடைத்துவிடும். ஆறிய பின் பர்னரைக் கழற்றித் தேய்த்துக் கழுவி, ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே பொருத்துக. ஜெட்டை மட்டும் ஊக்கு கொண்டு குத்த வேண்டாம்; துளை பெரிதானால் வாயு மிகுந்து, மஞ்சள் சுடர் நிலைத்துவிடும். அது மெக்கானிக்கின் வேலை.

சிலிண்டர் தீரும் தறுவாயில் அதைச் சாய்த்துப் படுக்க வைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் சில வீடுகளில் வழக்கமாக இருக்கின்றன. குளிர்ந்த கொடைக்கானலில் பியூட்டேன் மந்தமாக ஆவியாகிறது என்றாவது சாக்குச் சொல்லலாம். விருதுநகர் வெயிலில் அதற்கும் இடமில்லை! சாய்த்த சிலிண்டரிலிருந்து திரவமே குழாய்க்குள் வந்துவிடக் கூடும். ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு வாயுவாக விரியும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பற்றவைப்பதிலும் ஒழுங்கு உண்டு. லைட்டரைப் பர்னரருகே பிடித்த பிறகே திருகைத் திறக்க வேண்டும். பற்றவில்லையெனில் திருகை மூடி, சில நிமிடம் பொறுத்து, பிறகு மீண்டும் முயல்க. லைட்டரின் முனையில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பொறி எழாது. துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனி மின்விசிறி. சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நிகழும் சிறு வீடுகளில், விசிறிக் காற்று சிம்மில் வைத்த சுடரை ஓசையின்றி அணைத்துவிடுகிறது. வாயு மட்டும் வெளிவந்துகொண்டே இருக்கும். கனடா போன்ற குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலைகளில், சுடர் இல்லையென்றால் சில விநாடிகளில் வாயுவை அடைத்துவிடும் உணர்கருவி உண்டு. நம் சாதாரண அடுப்புகளில் பெரும்பாலும் அது இல்லை. ஆகவே சிம்மில் பால் காயும்போது விசிறியை நிறுத்திவிட்டு, அடுப்பருகிலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

இவ்வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை உணர்த்துவதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றை விடக் கனமானதாதலால் தரையிலே தேங்கி நிற்கும். உயரத்தில் உள்ள எக்ஸாஸ்ட் விசிறி அதை விரைவில் அகற்றாது. அதன் சுவிட்சில் எழும் பொறியோ பெருங்கேடு விளைவிக்கும். நாற்றம் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரிந்துகொண்டிருந்தால் அவற்றை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளுடன் வெளியேறுக. 1906 என்ற அவசர எண்ணை வெளியே நின்றே அழைக்க வேண்டும்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த மண் இது. இங்கே கைக்கெட்டும் தூரத்தில் தீக்குச்சி எப்போதும் உண்டு. அதனாலோ என்னவோ, கசிவு எங்கே என்று குச்சியைக் கிழித்துப் பார்க்கும் துணிச்சலும் சிலருக்கு உண்டு. அதற்கு வேண்டியது சோப்பு நீர் ஒன்றே. நாற்றம் ஏதும் இல்லாத நாளில், நுரைத்த சோப்பு நீரை ரப்பர் குழாயின் இரு முனைகளிலும் பூசி, வாயுவைத் திறந்து பாருங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடம். உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு ஏஜென்சிக்குச் சொல்லியனுப்புங்கள்.