புதிர் விடுப்போன் கடமை

விடுகதையைப் 'பிசி' எனப் பெயரிட்டுச் செய்யுளியலில் அதற்கும் ஓர் இடம் வகுத்தவர் தொல்காப்பியர். பிசி எவ்வகையினதாயினும் அதற்கு ஓர் இயல்பு வேண்டும். விடையை அறிந்ததும், 'இஃது எனக்கு முன்னரே தோன்றியிருக்க வேண்டுமன்றோ!' என்று கேட்டவன் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டும். அவ்வாறன்றி, 'இதனை நான் எங்ஙனம் அறிவேன்?' என்று அவன் வினவுவானாயின், குற்றம் கேட்டவனுடையதன்று, விடுத்தவனுடையது. கணிப்பொறித் திரையில் வளர்ந்த சாகச விளையாட்டுகளுக்கும் இதுவே அளவுகோல் என்பது என் துணிபு. விளையாட்டுக்கும் தமிழ்த்துறை மலருக்கும் என்ன தொடர்பு என ஐயுறுவோர் சற்றுப் பொறுத்தருள்க. அவ்விளையாட்டுகளின் சிக்கல்களுட் பல, மொழிச் சிக்கல்களே.

இவ்வகைக்கு மூலமாக நின்றது 'கொலோசல் கேவ்' என்னும் பெருங்குகை விளையாட்டு. குகைகளில் ஊர்ந்து பழகிய வில் கிரௌதர் என்னும் அமெரிக்கர் அமைத்ததை, டான் வுட்ஸ் என்பார் 1977-இல் விரித்தெழுதினார். அதில் படம் இல்லை, எழுத்து மட்டுமே. 'வடக்கே செல்', 'விளக்கை எடு' என ஆடுவோர் தட்டச்சிட, நிகழ்ந்ததைக் கணிப்பொறி எழுத்தால் கூறும். ஓரிடத்தில் டிராகன் என்னும் நெருப்பு நாகம் வழிமறித்துக் கிடக்கும். அதனைக் கொல்லுமாறு பணித்தால், 'எதைக்கொண்டு? வெறுங்கையாலா?' என்று கணிப்பொறி நகைக்கும். நாணமுற்றவர் வாளும் வேலும் தேடிக் குகையெங்கும் அலைவர். விடையோ, 'ஆம்' என்று மறுமொழி இடுவதே! ஏளனத்தை வினாவாகவே கொண்டவன் வென்றான். இதற்குத் தேவையான அனைத்தும் ஆடுவோன் கண்முன்னரே இருந்தன. ஆதலின் இது நேர்மையான குறும்பு.

இன்ஃபோகாம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட 'ஜோர்க்' இரண்டாம் பாகத்தில் அந்நேர்மையைக் காண இயலவில்லை. கோணல்மாணலான அறைகள் பலவற்றுள் ஆடுவோர் சிக்கிக்கொள்வர். எத்திசை சென்றாலும் மீண்டும் அதே அறைகள். பேஸ்பால் ஆட்டத்தில் வீரன் ஓடும் வரிசைப்படி நான்கு மூலைகளையும் சுற்றி வந்தாலன்றி மீட்சி இல்லை. அமெரிக்கச் சிறுவன் எளிதிற் கண்டறிவான். பேஸ்பால் மைதானத்தைக் கண்ணாலும் கண்டிராத பிற நாட்டார் என் செய்வர்? ஆங்கிலேயரான கிரகாம் நெல்சன், 1990-களில் ஆடுவோர் உரிமைகள் எனச் சிலவற்றைத் தொகுத்துரைத்தபோது, குறிப்பைப் புரிந்துகொள்வதற்கு ஒருவர் அமெரிக்கராக இருக்க வேண்டிய கட்டாயம் கூடாது என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். அது வெறும் நகைச்சுவையன்று.

இக்குற்றத்தின் உச்சம் 1991-இல் வெளிவந்த 'மங்கி ஐலண்டு' இரண்டாம் பாகத்தில் உள்ளது. அருவியொன்றை நிறுத்த, அதன் உச்சியிலுள்ள நீரேற்றுப் பொறியைத் திருக வேண்டும். கருவி ஏதும் இல்லை. வேறொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கு ஒன்று உண்டு. தாளம் காட்டும் கருவியின் ஆடும் கோலில் வாழைப்பழத்தைச் செருகினால், அதனையே நோக்கி அக்குரங்கு மயங்கி விறைத்துவிடும். அதனை எடுத்துவந்து பொறியிற் பொருத்தித் திருக வேண்டும்! ஏன்? திருகும் கருவியொன்றை 'மங்கி ரெஞ்ச்' என அழைப்பது அமெரிக்கப் பட்டறை வழக்கு. முழுக்க முழுக்கச் சிலேடை. பிரிட்டனில் அதனை ஸ்பேனர் என்பர். நம் பட்டறைகளிலும் ஸ்பேனரே பெருவழக்கு. சிலேடையின் ஒரு பொருளே வழக்கில் இல்லாதவனுக்கு அது சிலேடையாகுமா? காளமேகத்தின் சிலேடை வெண்பாவை ஒருவன் சுவைப்பது, பாம்பையும் அறிவான், எள்ளையும் அறிவான் என்பதனாலன்றோ?

விடை காணாதவன் என்ன செய்தான்? தன் அறிவையே ஐயுற்றான். பின்னர்ப் பணம் கொடுத்துக் குறிப்பு வாங்கினான். கண்ணுக்குப் புலனாகாத மையால் அச்சிட்ட குறிப்பு நூல்களை இன்ஃபோகாம் விற்றது; உடன் வரும் தனிப் பேனாவால் தேய்த்தால் விடை வெளிப்படும். புதிரை விடுத்தவரே விடையையும் விற்பனை செய்தனர்! வினாத்தாள் அமைக்கும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. மாநகர வாழ்க்கையை மட்டுமே அறிந்தவர் அமைக்கும் வினாவுக்கு முன், குடும்பத்தின் முதற் பட்டதாரியாகும் மாணவர் விழித்து நின்றால், அறியாமை யாருடையது?

கடுமை வேறு, வஞ்சனை வேறு. 1984-இல் டக்ளஸ் ஆடம்ஸ், ஸ்டீவ் மெரெட்ஸ்கி என்போர் அமைத்த 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' விளையாட்டின் பேபல் மீன் புதிர் மிகக் கடினமானது. செவியில் இட்டால் எம்மொழியையும் புரியச் செய்யும் மீன் அது. பொத்தானை அழுத்தினால், மீன் பறந்து சென்று எதிர்ச்சுவரின் துளைக்குள் மறையும். துளைக்கு மேலுள்ள கொக்கியில் அங்கியைத் தொங்கவிட்டால், அதில் மோதி வழுக்கி வடிகாலில் விழும். வடிகாலைத் துண்டால் மூடினால், துப்புரவு இயந்திரம் ஒன்று ஓடிவந்து மீனைக் கவ்விச் செல்லும். அதன் வழியைப் பையால் அடைத்தால், மீன் மேலே எறியப்படும். அங்கும் ஓர் இயந்திரம்! பையின்மேல் பயனற்ற அஞ்சல் தாள்களை வைத்தால், அவை சிதற, அவற்றைப் பொறுக்குவதில் மேல் இயந்திரம் முனைந்திருக்கும். மீன் செவியை வந்தடையும். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த படியைத் தானே சுட்டுகிறது. இதனை வென்றோர் அணிந்து மகிழவென்றே பனியன்கள் விற்கப்பட்டன. ஒரு குறையை மட்டும் மன்னிக்க இயலவில்லை. அந்த அஞ்சல் தாள்களைத் தொடக்கத்திலேயே வீட்டு வாயிலில் எடுத்திருக்க வேண்டும். மறந்தவனுக்கு, பூமி அழிந்தபின் மீள வழியில்லை.

இத்தகைய மறதித் தண்டனையைக் கண்டித்து 1989-இல் ஒரு கட்டுரை எழுதியவர் ரான் கில்பர்ட். அவர் தலைமையில் 1990-இல் வெளிவந்த முதல் 'மங்கி ஐலண்டு' விளையாட்டின் வாட்போரை நான் இத்துறையின் தலைசிறந்த புதிராகக் கருதுகிறேன். அங்கு வெல்வது வாளன்று, வசைமொழி. பகைவன் ஒரு வசை கூறினால், அதனை அவன்மீதே திருப்பும் மறுமொழி வேண்டும். தெரியாதவன் தோற்பான், ஆனால், தோற்கும்போதே அவ்வசையைக் கற்றுக்கொள்வான். அதனை அடுத்தவனிடம் கூறி, அவன் தரும் மறுமொழியையும் கற்பான். நம் எசப்பாட்டுக்காரர் பயிலும் முறையும் ஏறத்தாழ இதுவே. இறுதியில் வாட்கலை வல்லாளாகிய கார்லாவை எதிர்க்கும்போது, அவள் முன்னர்க் கேளாத வசைகளையே கூறுவாள். கற்ற பழைய மறுமொழிகளுள் எது புதிய வசைக்குப் பொருந்தும் எனத் தேர்ந்து கூற வேண்டும். நெட்டுருவுக்கும் புலமைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் நன்கு எவர் காட்டுவார்? அடுத்த ஆண்டே குரங்குத் திருகியைத் தந்தவரும் அதே கில்பர்ட்தான் என்பது வியப்பே.

உள்ளூர்ச் சுவையை நீக்கினால் விளையாட்டு உப்புச்சப்பற்றுப் போகாதா என்று சிலர் கேட்பர். போக வேண்டியதில்லை. அவ்வசைகள் ஆங்கிலச் சுவை தோய்ந்தவையே. ஆயினும், வேண்டிய மொழியை விளையாட்டே கற்பித்துவிட்டுப் பின்னரே தேர்வு வைக்கிறது.

சொல்லே இன்றியும் கற்பிக்கலாம் என்பதற்கு 1997-இல் வெளியான 'ரிவென்' சான்று. அவ்வுலகின் எண்கள் நாம் அறிந்தவையல்ல. இருபத்தைந்தை அடியாகக் கொண்டவை. விளக்கவுரை எங்கும் இல்லை. காட்டுத் தீவின் பள்ளியறையில் ஒரு குழந்தை விளையாட்டுப் பொருள் மட்டும் உண்டு. அதனைச் சுழற்றினால் ஒரு குறி தோன்றும். தொங்கும் பொம்மை அத்தனை படி கீழிறங்கும். ஓசையை எண்ணி எண்ணை அறிய வேண்டும். ஐந்தின் குறி, ஒன்றின் குறியைத் திருப்பி வைத்ததே என்பது மெல்லப் புலப்படும். அப்பொம்மை பத்துவரை மட்டுமே காட்டும். அதற்கு மேற்பட்டவற்றை ஆடுவோரே கட்டிக்கொள்ள வேண்டும். பேஸ்பால் அறிந்தவரும் அறியாதவரும் அவ்வறையில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர்.